ஆர்தர் வீடு வந்த கிழமை

சிட்னியின் நார்த்மீட்டில் வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த டோரீன், எண்பத்தாறு வயதில், கைத்தடியையும் மறந்து யோகாவின் வாசலுக்கு ஓடி வந்தார். கையில் போன், முகமெல்லாம் சிவப்பு. குசினியில் மாப் பிசைந்துகொண்டிருந்த யோகா அந்தக் கையோடேயே ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கொண்டாள்.

"அப்பாதான், யோகா. அவரேதான்" என்றார் டோரீன்.

யோகா போட்ட கூப்பாட்டில் கணவன் சிறி சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து வந்து நின்றான்.

டோரீனின் அப்பா ஆர்தர், இரண்டாம் உலகப் போரின்போது நாட்டுக்கு வடக்கே கடலில் ஒரு சின்னத் தீவில் தந்தி நிலையத்தில் வேலை பார்த்தவர். துப்பாக்கி பிடித்தவர் அல்ல. தீவு எதிரி கையில் விழுந்தபோது கைதியானார். டோரீனுக்கு அப்போது மூன்று வயது. போர் முடிந்து மற்றக் கைதிகள் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். ஆர்தர் வரவில்லை. அவர் தப்பி ஓடி, அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறார் என்று ஊர் வாய் பேசியது. டோரீனின் அம்மாவால் அதை நம்பவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. அந்த நிலையிலேயே கண்ணை மூடினார்.

சில வருடங்களுக்கு முன்பு அந்தத் தீவில் பள்ளிக்கூடம் கட்ட அத்திவாரம் வெட்டியவர்கள் மனித எலும்புகளைக் கண்டார்கள். யாருடையவை என்று அறிய, காணாமல்போனவர்களின் பிள்ளைகளிடம் மரபணுச் சோதனைக்கு எச்சில் மாதிரி கேட்டு அதிகாரிகள் வந்தார்கள். டோரீன் கொடுக்க மாட்டேன் என்று கதவைச் சாத்திவிட்டார். அந்தக் குழியில் அப்பா இல்லையென்று முடிவு வந்தால், ஊர் பேசியது உண்மையாகிவிடுமே என்ற பயம்.

அந்தப் பயத்தை உடைத்தவள் யோகா. கிளிநொச்சியிலிருந்து அகதியாக வந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய தம்பியையும் அங்கே போர் முடிந்த கிழமையில் இராணுவத்தினர் விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிப் போனார்கள். அதோடு சரி. சிட்னிக்கு வந்த பிறகு அதை அவள் யாரிடமும் பேசியதில்லை. டோரீன் கதவைச் சாத்தியதை அறிந்த அன்றைக்கு, அவருடைய மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இதுதான்: "என்ர தம்பிக்காக நான் ரத்தமே குடுப்பன், அன்ரி. ஆனா என்னட்டைக் கேக்க ஒருத்தரும் இல்லை. உங்களிட்டை வந்து கேக்கினம்."

மறுநாள் காலை அதிகாரிகளை டோரீனே கூப்பிட்டு மாதிரியைக் கொடுத்தார்.

இப்போது முடிவு வந்துவிட்டது: குழியில் கிடந்தவர் அவர்தான். ஆர்தர் வீட்டுக்கு வரப்போகிறார். அந்தக் கிழமை முழுவதும் இரண்டு வீடும் கலியாண வீடு மாதிரிக் கிடந்தது. டோரீன் தலைமுடியைச் சுருட்டிக்கொண்டார். சிறி காரைக் கழுவினான், மழை பெய்தது, திரும்பவும் கழுவினான். யோகா எந்தச் சேலை என்று அலுமாரியைக் கவிழ்த்துப் போட்டாள்.

விமான நிலையத்தில் கொடி போர்த்திய பெட்டி வெளியே வந்தபோது டோரீன் அழவில்லை, கையை அசைத்தார். பெட்டியை ஏற்றிய வண்டிக்குப் பின்னால் சிறி காரை ஓட்டினான். ஒரு சிவப்பு விளக்கில் எல்லாரும் நிற்கவேண்டி வந்தது. எண்பது வருடத்துக்கு மேல் பொறுத்தாயிற்று, இந்த விளக்கைத்தான் பொறுக்க முடியவில்லை என்றார் டோரீன். காரில் சிரிப்பு அடங்கச் சற்று நேரமாயிற்று.

ரூக்வுட் மயானத்தில் அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டியைத் தூக்குகிறவர்களில் யோகாவும் ஒருத்தியாக இருக்கவேண்டும் என்று டோரீன் கேட்டார். யோகா திகைத்துப் போனாள். எங்களில் பொம்பிளைகள் தூக்குவதில்லையே என்று சிறியைப் பார்த்தாள்.

"நீர் பிடியும், யோகா" என்றான் சிறி. "நான் பின்னால வாறன்."

பிடித்தாள். பெட்டி அவள் நினைத்ததைவிட லேசாக இருந்தது. தம்பிக்குச் செய்யக் கிடைக்காத ஒன்றைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டே நடந்தாள், நடை பிசகவில்லை.

பெட்டி இறங்கியதும் டோரீன் அம்மாவின் கல்லில் கையை ஊன்றிக் குனிந்து, எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "அம்மா, இவர் எங்கேயும் ஓடிப் போகவில்லை."

திரும்பி வரும் வழியில் டோரீன் சும்மா இருக்கவில்லை. தம்பி கிடைக்கிற நாளுக்காக யோகாவின் மாதிரியையும் எடுத்துப் பத்திரமாக வைக்கிற இடம் ஒன்று இருக்கத்தான் வேண்டும், நாளைக்கே விசாரிப்போம் என்றார். அதற்குத் தம்பியின் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டுமே என்று கேட்டார். சுஜீதன் என்றாள் யோகா. டோரீனின் வாயில் அது சுஜீட்டன் ஆனது, சூஜிடான் ஆனது. சிறி ஒவ்வொரு தரமும் திருத்தினான். பரமட்டா தாண்டும்போது ஒரு தரம் சரியாக வந்தது.

"ஓம், அதுதான்" என்றாள் யோகா. இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.