கறம்பக்குடி முக்கத்தில் காதுகுத்துப் பத்திரிகை

என் முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முச்சந்தியில் வண்டிகள் எப்படி நகர்கின்றன என்பதற்குச் சமன்பாடு எழுதியவன் நான். அதைப் பற்றிக் கல்லூரியில் பேசப் போகும் வழியில், கறம்பக்குடி முக்கத்தில் ஆட்டோவுக்குள் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மேடையில் இந்நேரம் என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

நடுமுக்கத்தில் பைக்கை நிறுத்திய ஒரு தம்பதி, மினி பஸ் டிரைவருக்குக் காதுகுத்துப் பத்திரிகை வைக்கிறார்கள். மனைவி குங்குமச் சிமிழை நீட்ட, "மச்சான், குடும்பத்தோட வந்துரணும், சாக்குச் சொல்லக் கூடாது!" என்கிறார் கணவர். பின்னால் வைக்கோல் டிராக்டர், பால் வண்டி, ஒரு லாரி. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை. நல்ல காரியத்துக்கு அழைக்கும்போது அடிக்கக் கூடாதாம்.

என் சமன்பாட்டில் எல்லா ஓட்டுநருக்கும் ஒரே ஆசைதான்: முக்கத்தைச் சீக்கிரம் கடப்பது. மச்சானுக்கு அதில் ஒரு குறியீடுகூட இல்லை.

இடப்பக்கம் ஓர் ஆட்டோ நுழையுமளவு வழி திறக்கிறது.

"அண்ணே, அந்தப் பக்கம் இடம் இருக்கு! எனக்கு நேரமாச்சு, போங்க!" என்று பதறுகிறேன்.

ஆட்டோக்காரர் என்ஜினை அணைத்துவிட்டுச் சட்டைப் பொத்தானைப் போடுகிறார்.

"இருங்க சார், எனக்கு இன்னும் பத்திரிகை வைக்கல."