தெருவைக் கேட்டு நடந்தவர்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் முதலில் கேட்கிற குரல் ஆப்ரேட்டர் அண்ணனுடையதாகத்தான் இருக்கும். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். லிப்டுக்குப் பக்கத்தில் ஜன்னலே இல்லாத ஒரு பொந்து அறையை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் விளக்குப் போட மாட்டார். புது நர்ஸ் யாராவது அவசரத்தில் உள்ளே நுழைந்து நாற்காலியில் முட்டிக்கொண்டால், "என்னம்மா, கண்ணு தெரியலையா?" என்று கேட்டுவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அந்தப் பெண்ணுக்கு முகம் வெளிறிப்போகும்.

நான் மருந்துக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். என்னை அவர் 'மாத்திரை' என்றுதான் கூப்பிடுவார். எலும்பு டாக்டருக்கு 'சுத்தியல்', கணக்குப் பிரிவு அம்மாளுக்கு 'இல்லை' என்று பெயர் வைத்திருந்தார். அந்த அம்மாள் எதைக் கேட்டாலும் இல்லை என்பார், அதனால்.

வேலையில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த அழைப்பையும் அவர் முதலில் வைக்க மாட்டார். "ஆஸ்பத்திரிக்கு யாரும் பொழுதுபோகாம போன் பண்றதில்ல. பேசி முடிச்ச பிறகும் ஏதோ ஒண்ணு கேக்க வாய் வராம நிப்பாங்க. அவங்க வைக்கட்டும், அப்புறம் நான் வைக்கிறேன்" என்பார். சொந்த போனிலும் அப்படித்தான். நீ வை, நீங்க வைங்க என்று நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

முன் கேட்டிலிருந்து அவருடைய வாடகை வீடு வரை ஒரே நீளத் தெரு. அதில் அவர் நடப்பதைப் பார்த்தவர்கள் கண் தெரியாதவர் என்று நம்ப மாட்டார்கள். காலடியை எண்ணி நடக்கிறார் என்று வார்டு பாய்கள் பந்தயம் கட்டினார்கள். "எண்ணிக்கிட்டே போனா வழியில யாருகூட வம்பு பேசுறது?" என்றார் அண்ணன். அவர் காதால் நடந்தார். தச்சுப் பட்டறையின் ரம்பம், அதைத் தாண்டினால் காலடியில் 'டொக்' என்று ஆடும் சாக்கடைச் சிலாப், அப்புறம் டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம், சலவைக் கடையின் சூட்டு வாசனை. சந்து வந்தால் ஒரு பக்கக் காதில் காற்று படும். குச்சி சும்மா பேச்சுத் துணைக்கு. மனைவி இறந்த பிறகும் அவரேதான் காய் வாங்கினார், சமைத்தார், சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டார்.

ஓய்வு பெற்றதும் வெளிநாட்டில் இருக்கும் மகள் வந்து, தன்னோடு கூட்டிப்போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். "அப்பா இங்க தனியா கெடக்குறப்போ எனக்கு அங்க சோறு எறங்கல அக்கா" என்று என்னிடம் அழுதாள். பாசமான பெண். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஒரு நாடு விட்டு இன்னொரு நாடு போகிறவர்கள் எதையெல்லாம் யோசிக்க வேண்டுமோ அதையெல்லாம் யோசித்தாள். விசா, மருத்துவக் காப்பீடு, குளிருக்குக் கம்பளி, விமானத்தில் சக்கர நாற்காலி, அங்கே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டாக்டர். என்னிடமும் வந்தாள். பிரஷர் மாத்திரை அங்கே வேறு பெயரில் விற்கும், அதனால் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரிலேயே சீட்டு எழுதி வாங்கிக்கொள், அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதே, விமான நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள் என்று சொன்னேன். ஒன்றையும் விடவில்லை அவள்.

வழியனுப்ப வந்த கூட்டத்தில் 'இல்லை' அம்மாள் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "மத்தவங்களுக்காவது ஊரு மாறுனா கஷ்டம். இவருக்கு என்ன, எங்க இருந்தாலும் ஒண்ணுதானே." நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அண்ணனே சிரித்தார். "பேத்தி குரலைப் பக்கத்துல கேக்கலாம், அது போதும்" என்றார். வாடகை வீட்டைக் காலி செய்து பாத்திரங்களைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

முதல் சில வாரம் அவர் போனில் உற்சாகமாகத்தான் பேசினார். பிறகு குரல் இறங்கிக்கொண்டே வந்தது. என் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாகப் போன் வரும்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

"குடுத்தாங்க, சாப்பிட்டேன்."

"நடக்கப் போனீங்களா?"

"கூட்டிட்டுப் போனாங்க."

குடுத்தாங்க, கூட்டிட்டுப் போனாங்க, படுக்க வச்சாங்க. அவர் பேச்சில் இப்படி ஒரு சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை.

ஒருநாள் வாய் விட்டுச் சொன்னார். "மகள் எனக்காகவே பார்த்துப் பார்த்து அமைதியான இடத்துல வீடு புடிச்சிருக்கா. ஈ காக்கா சத்தம் கெடையாது. தரையெல்லாம் கம்பளம், குச்சியைத் தட்டுனா வாயே தெறக்க மாட்டேங்குது. குளிர்னு ஜன்னலும் பூட்டியாச்சு. தெருவுல எல்லா வீடும் ஒரே அச்சு. நான் எங்க நிக்கிறேன்னே தெரியல மாத்திரை. அடுப்புப் பக்கம் போய்க் கையைச் சுட்டுக்கிட்டேன்னு அங்கயும் போகக் கூடாதாம். மாப்பிள்ளை தங்கமானவரு, பாத்ரூம் வரைக்கும் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறாரு. எனக்குச் செத்துப்போகலாம் போல இருக்கு. என் ஆயுசுல நான் குருடன்னு எனக்குத் தோணுனதே இல்ல. இங்க வந்துதான் தெரியுது."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். கவுண்டரில் நின்ற ஆளுக்கு இருமல் மருந்துக்குப் பதிலாக வேறு பாட்டிலை எடுத்து வைத்து, திட்டு வாங்கினேன்.

சில மாதம் கழித்து அவரே போனில் ஒரு முடிவைச் சொன்னார். திரும்பி வரப்போகிறார். அதே தெருவில் ஒரு அறை கிடைத்தால் போதும். மகளோடு பெரிய சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் அவள் இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறாள்: அங்கே நீங்க தனியா சமாளிக்க முடியும்னு மாத்திரை அக்கா நேர்ல பார்த்துச் சொல்லட்டும், நானே டிக்கெட் போடுறேன்.

"என் தலையெழுத்து இப்ப உன் கையில. நாளைக்கு வேலை முடிஞ்சதும் போனை ஆன்ல வச்சுட்டு நம்ம தெருவுல நட. நானும் கூட நடக்குறேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கான்னு பாத்துக்கலாம்" என்றார். பழைய குரல் திரும்பியிருந்தது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின் பக்கம் பஸ் நிறுத்தம் வந்த பிறகு நான் முன் கேட்டுப் பக்கமே போவதில்லை. அங்கே ரோடு வேலை நடக்கிறது என்று காதில் விழுந்திருந்தது. எங்கேதான் நடக்கவில்லை என்று விட்டுவிட்டேன். மறுநாள் மாலை போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். தாண்டியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தெரு இல்லை. இரண்டு பக்கமும் கட்டடங்களை முன்னால் பாதி அறுத்துத் தள்ளியிருந்தார்கள். மாடி அறையின் நீலச் சுவரும் அதில் மாட்டியிருந்த கண்ணாடியும் வெட்டவெளியில் தெரிந்தன. நடுவில் அகலமாக ரோடு, அதில் வண்டிகள் பறந்தன.

"கேட்டை விட்டு எறங்கிட்டியா?" என்றார் அண்ணன். "இடது பக்கம் வா. பட்டறை வரணும்."

"வந்துடுச்சுண்ணே" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்ததென்று தெரியவில்லை.

"ரம்பம் ஓடலையே."

"இன்னைக்கு லீவு போல."

"சரி. இன்னும் கொஞ்சம் போ. சிலாப் வரும், மிதி. அது ஆடுறதை நான் கேக்கணும்."

சிலாப்புக்கு நான் எங்கே போவேன்? கட்டட இடிபாட்டில் ஒரு தகரம் கிடந்தது. பைத்தியக்காரி மாதிரி அதன் மேல் ஏறி மிதித்தேன். வேலையாட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

"மாத்திரை, அது தகரம்" என்றார் மெதுவாக.

நான் தகரத்திலிருந்து இறங்கினேன்.

"வண்டியெல்லாம் வேகமாப் போகுது. நம்ம தெருவுல இவ்வளவு வேகமா எவனாலயும் போக முடியாதே. ரோட்டை அகலப்படுத்திட்டாங்களா?"

"ஆமாண்ணே."

"எதுவரைக்கும்?"

"கடைசி வரைக்கும்."

"டிரான்ஸ்பார்மர்?"

"காணோம்ண்ணே."

"நான் இருந்த வீடு?"

"முன்னறை இல்ல. பின் சுவரு மட்டும் நிக்குது." அதற்கு மேல் எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க வாங்கண்ணே, என் வீட்டுக்குப் பக்கத்துல ரூம் பாக்குறேன். நான் தினமும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"கூட்டிட்டுப் போறியா" என்றார். திட்டுவது போல் இல்லை, சும்மா திருப்பிச் சொல்வது போலத்தான் இருந்தது. பிறகு பேத்தியின் சிரிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது.

"மகள் கேட்டா முடியாதுன்னே சொல்லிடு. பொய் சொல்லி வைக்காதே, பாவம் அவ" என்றார். "அப்ப அங்கயும் எனக்குக் கண்ணு போயிடுச்சு."

அண்ணே, அண்ணே என்றேன். என்னை அறியாமல் ரோட்டில் இறங்கி நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு வண்டிக்காரன் ஹாரனை அழுத்தி ஏதோ ஏசிவிட்டுப் போனான். வழக்கம்போல நான் வைக்கட்டும் என்று அவர் காத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.