பீரங்கிக்கு ஒரு மௌன அஞ்சலி

காலாட்படைக்காரனுக்குப் பீரங்கி என்று பெயர் வந்தது அவனுடைய குறட்டையால்தான். கூடாரத்தில் படுத்த அத்தனை பேரும் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவன் காவலுக்குப் போன இரவுகளில் தூக்கம் வராமல் புரண்டவர்களும் அவர்களேதான்.

போருக்கென்று அவசர அவசரமாகத் திரட்டிய ரெஜிமென்ட் அது. ஆற்றுப்பாலத்துச் சண்டையில் பீரங்கியின் தொடையில் குண்டு பாய்ந்தது. வேறு படைக்காரர்கள் அவனைத் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காயம் சீழ்பிடித்து, மெல்ல ஆறி, அவன் ஊன்றுகோலோடு முகாமுக்குத் திரும்பியபோது வாசலில் காவல்கூட இல்லை. ஒரு தச்சர் மட்டும் பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே எல்லாரும்?"

"சண்டைதான் முடிஞ்சிருச்சே தம்பி. பட்டாளத்தைக் கலைச்சாச்சு. அவங்கவங்க வீட்டுக்குப் போயிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருத்தன்கூட எட்டிப் பார்க்கவில்லையே என்ற கோபம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. பஸ் டிப்போவில் டயர் மாற்றும் வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்குப் பெண் பார்த்துப் பார்த்து அக்கா ஓய்ந்துபோனாள். டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறை. அதில் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ். பட்டாளத்தைப் பற்றி யாராவது கேட்டால், "அதெல்லாம் ஒரு காலம்" என்று ஸ்பானரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவான். அப்படியே தலை நரைத்தது.

ஒருநாள் டிப்போ வாசலில் ஒரு கிழவர் டிரைவரை அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் பீரங்கியின் முதுகு தானாக நிமிர்ந்தது. பழைய சார்ஜென்ட்!

"ஐயா, என்னைத் தெரியுதா? பீரங்கி..."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். முகம் வெளிறியது.

"டேய்! நீ பாலத்துலேயே செத்துட்டேன்னுல்ல நெனச்சோம்! பட்டாளத்தைக் கலைச்ச அன்னிக்குச் செத்தவங்க பேரைப் படிச்சோம். உன் பேரையும் நான்தான்டா படிச்சேன்."

இத்தனை வருஷத்துக் கோபம் போக இடம் தெரியாமல் நின்றது.

"யாராவது அழுதாங்களாய்யா?"

சார்ஜென்ட்டுக்குப் பொய் சொல்ல வராது. "நல்ல மழைடா. லாரி வேற காத்துக்கிட்டு நின்னுச்சு. தொப்பியைக் கழட்டினோம், போட்டோம், ஏறிட்டோம்."

பீரங்கிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

"மத்தவங்கள்லாம்?"

"எனக்குத் தெரிஞ்சு நீதான்டா மிச்சம். வீடு பக்கத்துலதான், மணிக்கூண்டுத் தெரு. ஒரு நாள் வா."

அடுத்த விடுமுறையில் பீரங்கி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனான். சார்ஜென்ட்டின் மருமகள் கதவைத் திறந்தாள்.

"மாமா குளிக்கிறாரு. யார் வந்திருக்காங்கன்னு சொல்ல?"

"கூட வேலை பார்த்தவன்மா."

அவள் நாற்காலியைக் காட்டிவிட்டு உள்ளே போனாள். பீரங்கி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தான்.