அத்தை உட்கார்ந்த ஆற்றுப்படி

சப்பான்காரன் காலத்தில் பினாங்கில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்குதான். நான் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நான் அத்தை என்று கூப்பிடும் என் மாமியார் எங்கே போய் யார் காலைப் பிடித்தாரோ, ஒரு மூட்டை அரிசி தேற்றிவிட்டார். "பிள்ள பெத்தவ கிழங்கத் தின்னா பச்சப்புள்ளைக்கு வயிறு ஊதிடும். இது பத்தியத்துக்கு. ஒரு மணி தொடக்கூடாது லா!" என்று எனக்கே கட்டளை. பதுக்கின அரிசி அகப்பட்டால் அடி உதை. பிடிபட்டவர்களில் சிலர் திரும்பியதே இல்லை.

தண்ணீர்மலைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆறு. அதன் கரை பெரிய பெரிய படிகளாக இறங்கும். மேல்படியில் குழி தோண்டி, மூட்டையைத் தார்ப்பாயில் சுற்றிப் புதைத்தோம். தோண்டியது அத்தை, அதிகாரம் செய்தது நான். "இனி எமனே வந்தாலும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார்.

எமன் வரவில்லை. சின்னச் சுத்தியலோடு கண்ணாடி போட்ட சப்பான் அதிகாரி ஒருவன் வந்தான். சண்டைக்கு முன்னால் கல்லையும் மண்ணையும் பற்றிப் பாடம் சொன்னவனாம். அவனைக் கண்டதும் அத்தை ஓடிப்போய்க் குழிமேல் உட்கார்ந்து கிழங்கு உரிக்க ஆரம்பித்தார்.

அவனோ அரைகுறை மலாய் மொழியில், கையை ஆட்டி ஆட்டி, எனக்குப் பாடம் எடுத்தான். ஒரு காலத்தில் ஆறு இந்த உயரத்தில்தான் ஓடியதாம். உலகத்துத் தண்ணீர் பனிக்கட்டியாய் உறைந்தபோது கடல் இறங்கிற்றாம். ஆறும் தரையை அறுத்துக்கொண்டு கீழே போயிற்றாம். பழைய தரைதான் இந்தப் படி. அவன் ஊரில் நிலமே மெல்ல எழும்புவதால் படிகள் இன்னும் அதிகமாம். கரையைச் சுரண்டிக் காட்டினான்: அடியில் கூழாங்கல், நடுவில் மணல், மேலே கறுப்பு மண். ஆறு இப்படித்தான் அடுக்குமாம். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

திடீரென்று அத்தையின் காலடியைப் பார்த்தான். அங்கே கூழாங்கல் மேலே கிடந்தது!

"இங்கே மட்டும் ஏன் தலைகீழ்?"

"கோழி கிளறிடுச்சு" என்றார் அத்தை, கூசாமல். அந்தப் பக்கமே கோழியைக் கண்டு மாதக்கணக்கு ஆகியிருந்தது.

அவன் அத்தையைப் பார்த்தான். என் வயிற்றைப் பார்த்தான். "பெரிய கோழி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பயத்தில் நாங்கள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் போய்த் தோண்டினோம். இப்போது தலைகீழாக இல்லை: மேலே கறுப்பு மண், அப்புறம் மணல், அதற்கும் கீழே கூழாங்கல். அதன் அடியில் மூட்டை, பாதி காலியாக.

"நாசமாப் போறவன்! புள்ளத்தாச்சி சோத்துல கை வச்சிட்டானே!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. மீதியையாவது விட்டானே என்று அழுகையோடு சிரிப்பும் வந்தது.

மறுபடி மூட நான் கறுப்பு மண்ணைத் தள்ளப் போனேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே, முதல்ல கல்லப் போடு. அப்புறம் மணலு. அடுத்து எந்தப் படிச்சவன் வர்றானோ!"