கோட்டையின் பின்வாசல்

மலைக்கோட்டைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வேலை அவளுக்கு அண்ணன் விட்டுப்போனது. மூடுபனியில் வழி தவறிய ஒருவரைத் தேடிக் கோட்டையின் பின்வாசலுக்குப் போனவன் திரும்பவே இல்லை. அங்கே மதில் இடிந்து, கீழே கிடுகிடு பள்ளம். உடல்கூடக் கிடைக்கவில்லை. "அந்த மலையே வேணாம்டி" என்று அம்மா எவ்வளவோ மன்றாடியும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போகாவிட்டால் அவனை அங்கே தனியாக விட்டதுபோல் இருந்தது.

அன்று காட்டைத் தாண்டிக் கோட்டைக்குள் நுழைந்ததும் பனி இறங்கியது. கூட வந்தவர்களில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணை மட்டும் காணோம். அவள் மற்றவர்களை அங்கேயே நிற்கச் சொன்னாள். சுவரைத் தடவிக்கொண்டே பின்வாசலுக்கு ஓடினாள். பள்ளத்தின் விளிம்பில் நர்ஸ் அசையாமல் நின்றிருந்தாள்.

அவளைப் பின்னால் இழுத்து, "இங்க எதுக்கு வந்தீங்க?" என்று கத்தினாள்.

"வழி தெரியலக்கா. நல்லவேளை, ஒரு அண்ணன் 'நில்லு சிட்டு'ன்னு அதட்டுனாரு. யாருக்கா சிட்டு?"

அவளைச் சிட்டு என்று கூப்பிட்ட ஒரே ஆள் அண்ணன்தான். எல்லோரையும் முன்னே இறங்கச் சொல்லிவிட்டுப் பனியைப் பார்த்து, "போதும்ண்ணே, வீட்டுக்கு வா" என்றாள்.

காடு முழுக்க அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால், பின்னால் சருகு மிதிபடும் சத்தம் நின்றுவிடுமோ என்று பயந்தாள்.