ட்ரக்கேனரின் நெற்றிச் சுழி

சனிக்கிழமை காலைகளில் மகள் மோர்னிங்சைட்டில் நான் தனியாக இருக்கும் அடுக்குமாடிக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொள்வாள். பின் இருக்கையில் பேத்தி, சவாரிச் சப்பாத்துடன். யூனியன்வில்லுக்கு வடக்கே இருந்த குதிரை லாயத்துக்கு இருபத்தாறு சிக்னல். எல்லாவற்றிலும் சிவப்பு விழுந்தால் எனக்குச் சந்தோஷம். வாரத்தில் வேறு எவரோடும் அவ்வளவு நேரம் இருப்பதில்லை.

பேத்தி ஓட்டியது ட்ரக்கேனர் இனப் பெண்குதிரை. நூலகப் புத்தகத்தில் அதைப் பற்றி வாசித்தேன். கிழக்குப் பிரஷ்யாவில், உள்ளூர்க் குதிரைகளோடு அரபுக் குதிரையையும் ஆங்கிலேயப் பந்தயக் குதிரையையும் கலந்து படைக்காக வளர்த்த இனம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், ஊரைவிட்டு ஓடிய சனங்களின் வண்டிகளை இழுத்துக்கொண்டு உறைந்த கடற்கழியின் மேல் நடந்தவை. தப்பியவை கொஞ்சம். மற்ற போட்டிச் சவாரிக் குதிரைகளைவிட மெலிந்த உடல். ஓடும்போது குளம்பு நிலத்தில் படுகிறதா என்று சந்தேகம் வரும். கெட்டிக்காரக் குதிரை, ஆனால் எளிதில் வெருளும். பழகிய ஆளைத் தேடும். தொடையில் மூஸ் என்னும் பெரிய மானின் கொம்பு வடிவில் சுட்ட முத்திரை. கொம்பின் கிளைகளை ஒவ்வொரு வாரமும் எண்ணுவேன்.

வசந்தத்தில் குதிரையின் சொந்தக்காரி அதை விற்கப்போவதாகச் சொன்னாள். வாங்காவிட்டால் இதே லாயத்தில் வேறு குதிரையில் பழகவேண்டும்; பேத்திக்கு அது வேண்டாம். வாங்கினால் தூரத்துப் பயிற்சிப் பண்ணை ஒன்றில்தான் விடவேண்டும். போக மட்டும் இரண்டு மணி நேரம். “உங்கட முதுகுக்கு அது சரிவராதப்பா,” என்றாள் மகள். வெருளும் குதிரை என்பதால் வாங்கவும் அவளுக்குப் பயம்.

லாயத்தில் திடீரென்று கேட்டாள்: “அப்பா, நீங்கள் முந்தி மாட்டுக்குச் சுழி பாத்துத்தானே வாங்கினனீங்கள்? உதுக்கும் ஒருக்காப் பாருங்கோவன்.”

“அம்மா, ஆர் யூ சீரியஸ்?” என்றாள் பேத்தி.

“நீ சும்மா இரு. அம்மப்பா ஓமெண்டாத்தான் எடுக்கிறது.”

நெற்றியில் மயிர் சுழன்று கிடக்கும் இடம் ஒன்றென்றால் நல்லது. மேலும் கீழுமாக இரண்டு இருந்தால் ஓட்டுபவருக்கு ஆகாது. அதுதான் எங்கள் கணக்கு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, நெற்றிமயிரை விலக்கினேன்.

இரண்டு. மறுபடி எண்ணினேன். இரண்டுதான்.

உள்ளதைச் சொன்னால் போதும், சனிக்கிழமை எனக்கு மிஞ்சும். ஆனால் இரண்டு வருடமாக நான் பார்க்க அது பேத்தியை ஒருமுறைகூடக் கீழே தள்ளியதில்லை. பேத்தி கையுறையைக் கடித்தபடி நின்றாள். குதிரை என்னைத் தாண்டி அவளைப் பார்த்தது.

“எத்தினையப்பா?”

“ஒண்டு. நடு நெத்தியில. எடு பிள்ளை.”

“அம்மப்பா, யூ ஆர் த பெஸ்ட்!” பேத்தி பாய்ந்து கட்டிப்பிடித்ததில் கண்ணாடி விழுந்தது.

இப்போதும் சனிக்கிழமை காலையில் உடுப்பு மாற்றி, சப்பாத்துப் போட்டு, பன்னிரண்டாம் மாடி ஜன்னலருகே இருக்கிறேன். மகள் அந்தத் தூரத்துப் பண்ணையிலிருந்து வீடியோ அனுப்புவாள். அதை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினால் இரண்டு சுழியும் தெரிகின்றன. பேத்தி பத்திரமாக இறங்கிவிட்டாள் என்று செய்தி வரும்வரை நான் சப்பாத்தைக் கழற்றுவதில்லை.