கஞ்சிக் கொட்டகையில் இரண்டு குழந்தைகள்

ஜெர்மன் சண்டை நடந்த காலத்தில் என் வீட்டுக்காரர் கடல் தாண்டி, சண்டை நடந்த பஸ்ராவுக்குப் போனார். துப்பாக்கி பிடிக்க அல்ல. மண் வெட்டவும் மூட்டை தூக்கவும். அப்போது என் மகளுக்கு ஐந்து மாதம். எங்கள் சேரியில் அப்படி ஆண்கள் போன வீடுகளில் அடுப்பு எரிவதே அபூர்வமாகிவிட்டது. காஞ்சிபுரத்து மிஷன் பள்ளிக்கூடத் துரைசானி, சண்டைக்குப் போனவர்களின் பெண்டாட்டி பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு கஞ்சிக் கொட்டகை போட்டார். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். பெயர் படித்துக் கூப்பிடவும் கஞ்சி காய்ச்சவும் என்னை வைத்துக்கொண்டார்.

பட்டாளத்து ஆபீஸிலிருந்து சீட்டு வர வேண்டும். புருஷன் பெயர், பெண்டாட்டி பெயர், எத்தனை பிள்ளைகள் என்று அதில் எழுதியிருக்கும். சீட்டு இருந்தால் கஞ்சி உண்டு. முதலில் கைக்குழந்தைகளுக்கு டின் பாலும் கொடுத்தார்கள். சில மாதங்களில் அது நின்றுபோனது. கப்பல் வரவில்லை என்றார்கள்.

ஒரு நாள் பட்டு நெய்கிற வீட்டுப் பெண் ஒருத்தி வரிசையில் வந்து நின்றாள். தோளில் மூன்று மாதப் பையன். ஜெர்மனியிலிருந்து சாயம் வருவது நின்று தறிகள் ஓயத் தொடங்கியிருந்த நேரம். அவள் புருஷனும் பிழைப்பு தேடி மதராசுக்குப் போய், அங்கே ஏதோ ஓர் ஏஜெண்டிடம் கைநாட்டு வைத்துச் சண்டை வேலைக்குக் கப்பலேறிவிட்டான். சீட்டு மட்டும் வரவில்லை.

"புள்ள பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டாருமா. நல்லாப் பாரு, பேரு இருக்குதான்னு" என்றாள்.

இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. துரைசானி பக்கத்திலேயே நின்றிருந்தார். "சீட்டு வரட்டும். இன்று ஒருத்திக்குக் கொடுத்தால் நாளை ஊரே வரும்" என்றார். கெட்ட மனுஷி இல்லை அவர். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் அந்தப் பையன் வாயைத் திறந்து அழுதான், சத்தம் வரவில்லை. கொட்டகைக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்துக்கு அவளைக் கூப்பிட்டேன்.

"உங்களுக்குப் பால் இல்லீங்களா?"

"வத்திப்போச்சு."

"குடுங்கம்மா இப்பிடி."

அவள் தயங்கினாள். நான் எந்தத் தெருக்காரி என்று அவளுக்குத் தெரியும். எங்கள் நிழல்கூட அவர்கள் வீட்டுப் படியில் விழக் கூடாது. "எங்க தெருவுல தெரிஞ்சா என்னை உள்ள சேக்க மாட்டாங்க" என்றாள். ஆனால் அதைச் சொல்லும்போதே கைகள் பிள்ளையை என் பக்கம் நீட்டிவிட்டன. அவன் என் மார்பில் வாய் வைத்ததும் அவள் விறகின் மேல் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள்.

அதிலிருந்து தினமும் வந்தாள். பானையின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி அவளுக்குக் கொடுப்பேன். பையனுக்குப் பால் கொடுப்பேன். ஒரு மாதம் போயிருக்கும். அவன் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. அதே நாட்களில் என் மகளின் விலா எலும்புகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. நான் குடித்ததும் அதே கஞ்சிதானே. இரண்டு வாய்க்கு எங்கிருந்து சுரக்கும்?

என் நாத்தனார் கண்டுபிடித்துவிட்டாள். "உம் புள்ள காஞ்சு கெடக்குது. நீ ஊரான் புள்ளைக்கு ஊட்டிக்கினு இருக்குறியா? எங்கண்ணன் வந்து கேட்டா இன்னா சொல்லுவே?" என்று கத்தினாள்.

அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அவளை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். நெய்கிற வீட்டுப் பெண் வழக்கம்போல விறகுப் பக்கம் வந்து பையனை நீட்டினாள். நான் கை நீட்டவில்லை.

"இனிமே வராதீங்கம்மா. என்னால முடியல" என்றேன்.

அவள் என் மகளைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை. "நெருப்பாச் சுடுது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வைமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

நாலைந்து நாளில் காய்ச்சல் இறங்கியது. விறகுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் தெருவைத் தேடிப் போனேன். தெருமுனையிலேயே நின்று, தண்ணீர்க்குடத்தோடு வந்த ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"அவளா? வீட்டைப் பூட்டிக்கினு பூட்டாளே. மதராசுக்கு நடந்தே போறேன்னு சொன்னா."

"புள்ள?"

"தோள்லதான் போட்டிருந்தா. அழுத சத்தம் ஒண்ணும் கேக்கல."

தூங்கியிருக்கலாம். இன்றுவரை அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

பத்துப் பதினைந்து நாளில் அவள் சீட்டு வந்து சேர்ந்தது. மூன்று காலைகள் வரிசையின் முன்னால் நின்று அவள் பெயரை உரக்கப் படித்தேன். நாலாம் நாள் துரைசானி அந்தச் சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "அடுத்தவளைக் கூப்பிடு" என்றார். கூப்பிட்டேன்.

சண்டை முடிந்து என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். மகளும் பிழைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம் கழித்து ஒரு மகன் பிறந்தான். அந்த வருஷம் வீட்டில் அரிசிக்குக் குறைவில்லை. அவன் குடித்து முடித்த பிறகும் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். ஒரு பகல் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். மண் அதை உடனே இழுத்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் தேடிக்கொண்டு வந்து, "இன்னா ஆச்சு? ஏன் அழுவுறே?" என்று கேட்டார். வலிக்கிறது என்று மட்டும் சொன்னேன்.